சி டிரைவ் நிறைந்தால் விண்டோஸ் ஃபோல்டரில் கை வைக்காதீர்கள்

சமீபத்தில் ஒரு ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து லேப்டாப் ஒன்று சர்வீஸுக்கு வந்தது. சி டிரைவ் சிவப்பாகிவிட்டது என்று அங்கே வேலை பார்ப்பவர் ஏதோ ஒரு வீடியோவைப் பார்த்திருக்கிறார். செட்டிங்ஸில் ஸ்டோரேஜ், அதற்குள் டெம்பரரி ஃபைல்ஸ் பக்கத்தைத் திறந்து, கண்ணில் பட்ட எல்லாப் பெட்டியிலும் டிக் போட்டு அழித்துவிட்டார். அந்தப் பட்டியலில் டவுன்லோட்ஸ் ஃபோல்டரும் ஒரு வரியாக இருக்கிறது. கட்சிக்காரர்கள் மெயிலில் அனுப்பிய ஜிஎஸ்டி பில்கள், பேங்க் ஸ்டேட்மென்ட்கள் எல்லாம் அதில்தான் கிடந்தன. இப்படி அழிப்பது ரீசைக்கிள் பின்னுக்கும் போகாது. எதையும் மீட்டுத்தர முடியவில்லை.

விண்டோஸ் அந்தப் பெட்டியில் தானாக டிக் போடுவதில்லை. நாம்தான் போடுகிறோம். ஒவ்வொரு வரியையும் வாசித்துவிட்டு டிக் போடுங்கள் என்று எத்தனை பேரிடம் சொல்வது!

"டெலிட் ஆனதை எடுத்துவிடலாமே சார்" என்பார்கள். அது ஹார்ட் டிஸ்க் காலத்து நம்பிக்கை. ஹார்ட் டிஸ்கில் அழித்த ஃபைலின் மேல் வேறொன்று எழுதப்படும்வரை பழையது அங்கேயே கிடக்கும். சிப்பில் சேமிக்கும் புதுவகை டிரைவான எஸ்எஸ்டியில் அப்படி இல்லை. ஃபைலை அழித்ததுமே 'இந்த இடம் இனி வேண்டாம்' என்று விண்டோஸ் டிரைவுக்கு டிரிம் கட்டளை அனுப்பிவிடும். அதன் பிறகு எந்த ரெகவரி சாஃப்ட்வேரும் பெரும்பாலும் கைவிரித்துவிடும். ஹார்ட் டிஸ்கில் தவறுதலாக அழித்திருந்தால் உடனே மெஷினை அணைத்துவிடுங்கள். ரெகவரி சாஃப்ட்வேரை அதே டிரைவில் போடாதீர்கள். எடுக்க வேண்டிய ஃபைலின் மேலேயே அது போய் உட்காரக்கூடும்.

சரி, என்னை அதிகம் கோபப்படுத்தும் விஷயத்துக்கு வருகிறேன். பெயர் புரியாத ஃபோல்டர் என்றால் அது குப்பை என்ற நினைப்பு. இதில் முதலில் மாட்டுவது விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் வின்எஸ்எக்ஸ்எஸ். ரைட் கிளிக் செய்து பிராப்பர்ட்டீஸ் பார்த்தால் பத்து ஜிபிக்கு மேல் காட்டும். உடனே ஓனர்ஷிப்பை மாற்றி, பர்மிஷனை உடைத்து, அழிக்கத் தொடங்கிவிடுகிறார்கள்.

அங்கே காட்டும் அளவே உண்மையானதல்ல. விண்டோஸின் பாகங்கள் எல்லாம் வைக்கப்படும் கிடங்கு அது. சிஸ்டம்32 போன்ற இடங்களில் நீங்கள் பார்க்கும் ஃபைல்களில் பல, இந்தக் கிடங்கில் இருப்பதன் இன்னொரு பெயர்தான். டிஸ்கில் ஃபைல் ஒன்று. அதற்குப் பெயர் இரண்டு. ஹார்ட் லிங்க் என்பது இதைத்தான். எக்ஸ்ப்ளோரர் இரண்டு இடத்திலும் அதைக் கூட்டிக் காட்டும். ஒரே ஆளின் பெயர் இரண்டு வாக்குச்சாவடிப் பட்டியலில் இருந்தால் ஊரில் இரண்டு பேர் ஆகிவிட மாட்டார்கள் அல்லவா? அதுபோலத்தான். கிடங்கிலிருந்து ஒரு பெயரை அழித்தாலும் அடுத்த பெயர் இருக்கும்வரை ஒரு பைட் இடம்கூடக் கிடைக்காது. ஆனால் அடுத்த மாத அப்டேட் வரும்போது தனக்கு வேண்டிய பாகத்தைத் தேடி, கிடைக்காமல் விண்டோஸ் நின்றுவிடும். சில மெஷின்கள் பூட் ஆவதையே நிறுத்திவிடும். இதில் பழைய அப்டேட்களால் உண்மையிலேயே தேங்கியிருப்பதை நீக்க, அதே டெம்பரரி ஃபைல்ஸ் பக்கத்தில் விண்டோஸ் அப்டேட் கிளீனப் என்று ஒரு வரி உண்டு. அதற்கு டிக் போடலாம். அவ்வளவுதான் உங்கள் வேலை.

இரண்டாவது, அதே விண்டோஸ் ஃபோல்டருக்குள் மறைந்திருக்கும் இன்ஸ்டாலர் ஃபோல்டர். மறைத்து வைத்திருக்கிறார்கள் என்றாலே காரணம் இருக்கும். இதை அழித்தால் அன்றைக்கு எதுவும் தெரியாது, இடமும் நிறையக் கிடைக்கும், அதனால்தான் வீடியோக்களில் பெருமையாகக் காட்டுகிறார்கள். சில வாரம் கழித்து ஏதாவது ஒரு சாஃப்ட்வேருக்கு அப்டேட் வரும், அல்லது அதை நீக்கப் பார்ப்பீர்கள்; பழைய இன்ஸ்டாலர் ஃபைல் எங்கே என்று கேட்டு நின்றுவிடும். பக்கத்து மெஷினிலிருந்து காப்பி செய்து போடவும் முடியாது, அந்த ஃபைல்கள் ஒவ்வொரு மெஷினுக்கும் தனி. இந்தக் கோளாறோடு வருபவர்கள் யாருமே தாங்கள் எதையும் அழிக்கவில்லை என்றுதான் சொல்வார்கள். தயவுசெய்து உண்மையைச் சொல்லுங்கள். திட்ட மாட்டோம், எங்களுக்கு அரை நாள் மிச்சமாகும்.

ராம் போதாதபோது விண்டோஸ் டிஸ்கில் பயன்படுத்தும் பேஜ்ஃபைலைத் தொடாதீர்கள். மெஷினை ஹைபர்நேட்டில் போடும்போது ராமில் இருப்பதை எழுதிவைக்கும் ஹைபர்நேட் ஃபைல், பொதுவாக ராமின் அளவில் 40 சதவீதம் எடுத்துக்கொள்ளும். 16 ஜிபி ராம் என்றால் ஆறு ஜிபிக்கு மேல். ஹைபர்நேட் பயன்படுத்தாத டெஸ்க்டாப்பில் ஒரு வரிக் கட்டளையால் அதை நிறுத்திவிடலாம், கூடவே மெஷினைச் சீக்கிரம் பூட் செய்யும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பும் நின்றுவிடும். விண்டோஸின் செட்டிங்ஸ் பதிவேடான ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் ரெஜிஸ்ட்ரி கிளீனரால் இடம் கிடைக்காது. அதற்குப் பணம் வேறு கட்டாதீர்கள்.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்ததால் நிறையப் பேர் 11-க்கு மாறியிருக்கிறார்கள். மாறியதும் விண்டோஸ் டாட் ஓல்ட் என்று ஒரு பெரிய ஃபோல்டர் உருவாகும். பழையதற்குத் திரும்பிப் போக அதுதான் வழி. புதியதில் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா, பிரிண்டர் வேலை செய்கிறதா என்று பாருங்கள். பத்து நாளில் அது தானாகவே போய்விடும்.

இத்தனைக்கும், என் மேஜைக்கு வருகிற மெஷின்களில் சி டிரைவை நிரப்பியிருப்பது பெரும்பாலும் விண்டோஸ் அல்ல. யூசர்ஸ் ஃபோல்டரில் இருக்கும் உங்கள் சொந்த ஃபைல்கள். டெஸ்க்டாப்பில் வைப்பது எல்லாம் சி டிரைவில்தான் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியவில்லை! கல்யாண வீடியோ எடிட் செய்பவர்கள் ஃபுட்டேஜை டி டிரைவில் பத்திரமாக வைத்திருப்பார்கள்; எடிட்டிங் சாஃப்ட்வேரான பிரீமியர் தன் வசதிக்கு உருவாக்கிக்கொள்ளும் தற்காலிக ஃபைல்கள், அதாவது மீடியா கேஷ், மட்டும் சி டிரைவில் சத்தமில்லாமல் வளர்ந்துகொண்டே போகும். பிரீமியரின் பிரிஃபரன்ஸஸில் மீடியா கேஷ் பகுதிக்குப் போய் இடத்தை மாற்றுங்கள். ஐடியூன்ஸில் எப்போதோ எடுத்த ஐஃபோன் பேக்கப், அவுட்லுக்கின் மெயில் ஃபைல், வாட்ஸ்அப் டெஸ்க்டாப்பில் வந்து விழும் வீடியோக்கள் என்று இப்படித்தான் இருக்கும். வின்டிர்ஸ்டாட் என்ற இலவச மென்பொருளை ஒருமுறை ஓட்டினால் எது எவ்வளவு அடைத்திருக்கிறது என்று படமாகவே காட்டிவிடும். அதைப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள்.

எதையும் நீக்கும் முன் வெளி ஹார்ட் டிஸ்கில் ஒரு காப்பி எடுத்துவிடுங்கள். டேலி டேட்டா பெரும்பாலும் சி டிரைவிலேயே இருக்கும், அதையும் சேர்த்து. அப்புறம் டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், வீடியோஸ் ஃபோல்டர்களை வேறு டிரைவுக்கு மாற்றலாம். பிராப்பர்ட்டீஸில் லொகேஷன் என்ற பகுதியில் மூவ் பட்டன் இருக்கிறது. டி டிரைவில் முதலில் ஒரு புது ஃபோல்டர் உருவாக்கி, அதைக் காட்டுங்கள். டி டிரைவையே காட்டிவிட்டால் முழு டி டிரைவும் உங்கள் டெஸ்க்டாப் ஆகிவிடும், அதைத் திருப்புவது பெரும் பாடு. சாஃப்ட்வேர்கள் இருக்கும் புரோகிராம் ஃபைல்ஸ், அவை தங்கள் செட்டிங்ஸை வைக்கும் ஆப்டேட்டா ஆகிய இரண்டு ஃபோல்டர்களையும் கட் பேஸ்ட் செய்யவே கூடாது. ஒன்டிரைவ் ஃபோல்டரில் அழித்தால் கிளவுடிலும் அழியும். அங்கே ரைட் கிளிக் செய்து ஃப்ரீ அப் ஸ்பேஸ் கொடுங்கள்.

மெஷின் போட்டுக்கொடுக்கும் தொழில் நண்பர்களுக்கும் ஒரு வேண்டுகோள். 512 ஜிபி எஸ்எஸ்டியை வாங்கி, சி டிரைவுக்கு நூறு ஜிபி மட்டும் ஒதுக்கி, மீதியை டி, இ என்று கூறுபோடும் பழக்கத்தை விடுங்கள். எஸ்எஸ்டி பழுதானால் எல்லா பார்ட்டிஷனும் சேர்ந்துதான் போகும், அதில் பாதுகாப்பு எதுவும் இல்லை. பிற்பாடு சி டிரைவைப் பெரிதாக்கலாம் என்றால், ஒட்டினாற்போல் காலி இடம் இருந்தால்தான் டிஸ்க் மேனேஜ்மென்ட் அனுமதிக்கும். நடுவில் ரெகவரி பார்ட்டிஷன் உட்கார்ந்திருக்கும். வேறு சாஃப்ட்வேர் போட்டு நகர்த்தும்போது கரண்ட் போனால் வாடிக்கையாளரின் டேட்டா முழுவதும் போய்விடும். காப்பி எடுக்காமல், யுபிஎஸ் இல்லாமல் அந்த வேலையைத் தொடவே வேண்டாம்.