பாக்கி இல்லாத கணக்கு

இருபத்திரண்டு ஆண்டுகளாக வங்கியில் நகை மதிப்பீட்டாளராக உட்கார்ந்திருக்கிறேன். சேலத்தில் இந்த வேலை பார்ப்பவனுக்கு ஊரின் பாதி ரகசியம் தானாக வந்து சேர்ந்துவிடும். ஆனி மாதம் வரும் நகை பெரும்பாலும் பள்ளிக்கூடக் கட்டணத்துக்கு. ஆடிப்பட்டத்துக்கு முன்னால் வருவது விதைக்கும் உரத்துக்கும். மருத்துவமனைச் செலவுக்காக வருகிறவர்கள் பேசவே மாட்டார்கள், தராசையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். விண்ணப்பத்தில் 'கடன் எதற்காக' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் 'குடும்பச் செலவு' என்று எழுதிவிட்டு, வாயால் வேறொன்று சொல்கிறவர்களைச் சில ஆண்டுகளாக அதிகம் பார்க்கிறேன். இதை எழுத உட்கார்ந்தது அவர்களால்தான்.

போன தை மாதம் அயோத்தியாப்பட்டணம் பக்கமிருந்து ஓர் அம்மா வந்தார். இரண்டு வளையல்கள். உரைகல்லில் இழைத்து அமிலம் விட்டேன். கோடு கரையவில்லை, நல்ல பொன். ஒன்றின் உள்ளே அரக்கு இருந்தது, அந்த எடையைக் கழித்தேன். "எதற்கம்மா இவ்வளவு அவசரம்?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டேன். மகனுக்குக் கல்யாணமாகி ஆறு வருடம், குழந்தை இல்லை. ஜெபக் கூட்டம் நடத்த வந்த ஊழியக்காரர் (கிறிஸ்தவப் பிரசங்கியார்) ஒருவர், இருபத்தைந்தாயிரம் ரூபாய் 'விதைக் காணிக்கை' விதைத்தால் கதவு திறக்கும் என்றாராம். விதைக்கத் தயங்கினால் இரட்சிப்பிலேயே குறை இருக்கிறதாம்.

நானும் கிறிஸ்தவன்தான். காது சூடாகிவிட்டது. ஆனால் முகப்பில் உட்கார்ந்து பிரசங்கம் செய்யக்கூடாது என்று எனக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. அது ஏன் வந்தது என்பதைப் பிறகு சொல்கிறேன். "சாப்பாட்டு நேரம் வரைக்கும் இருக்க முடியுமா அம்மா?" என்று மட்டும் கேட்டேன். இருந்தார். எதிரே உள்ள டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பேசினோம்.

என் தொழிலுக்கும் வேதத்துக்கும் பொதுவாக ஒரு சொல் இருக்கிறது: மீட்பு. தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த நாங்கள் சி.எஸ்.ஐ.க்காரர்கள் இரட்சிப்பு என்போம், கத்தோலிக்கர்கள் மீட்பு என்பார்கள். ஆனால் எங்கள் பழைய மொழிபெயர்ப்பிலும் அந்தச் சொல் நிறையவே உண்டு. அதன் கனம் அடகு பிடிக்கிற இடத்தில் இருப்பவனுக்குத்தான் முழுதாகத் தெரியும். நகையை மீட்க வேண்டுமென்றால் அசலும் வட்டியும் ஒரு ரூபாய் குறையாமல் வந்தாக வேண்டும். இயேசுவின் சீடரான பேதுரு தம் முதல் நிருபத்தின், அதாவது கடிதத்தின், முதல் அதிகாரத்தில், நீங்கள் "அழிவுள்ள வஸ்துக்களாகிய வெள்ளியினாலும் பொன்னினாலும் மீட்கப்படாமல்" கிறிஸ்துவின் இரத்தத்தினாலே மீட்கப்பட்டீர்கள் என்று எழுதுகிறார். கொலுசுப் பட்டறைகள் நிறைந்த ஊருக்கென்றே எழுதியதுபோல இருக்கும் எனக்கு. அந்த அம்மாவிடம் கேட்டேன்: "உங்களுக்காகக் கட்டியாகிவிட்டது என்று வேதம் சொல்கிறது. இப்போது யாரோ இருபத்தைந்தாயிரம் பாக்கி என்கிறார். இரண்டில் எது பொய்க் கணக்கு?"

அப்போஸ்தலர் பவுல் எபேசு சபைக்கு எழுதும்போது இரட்சிப்பை "இது தேவனுடைய ஈவு" என்கிறார். ஈவு என்றால் இலவசக் கொடை. ஈவுக்குத் தவணை கிடையாது. பேதுருவிடம் பணத்தை நீட்டித் தேவனுடைய வரத்தை வாங்கப் பார்த்த சீமோனுக்குக் கிடைத்தது "உன் பணம் உன்னோடேகூட நாசமாய்ப்போகக்கடவது" என்ற வசவுதான். பேதுருவின் அந்தத் துணிச்சல் இன்று எத்தனை மேடைகளில் இருக்கிறது?

இது புது வியாபாரமும் இல்லை. பாவமன்னிப்புச் சீட்டு விற்றதை எதிர்த்துத்தான் மார்ட்டின் லூத்தர் 1517-இல் தம் 95 வாதங்களை எழுதினார். கத்தோலிக்கத் திருச்சபையிலும் பணத்தோடு முடிச்சுப் போட்ட அந்தச் சலுகைகளை போப் ஐந்தாம் பத்திநாதர் (ஐந்தாம் பயஸ்) 1567-இல் ரத்து செய்தார். 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் சபைகளின் உலக ஐக்கியமும் கத்தோலிக்கத் திருச்சபையும் கூட்டறிக்கை ஒன்றில் கையெழுத்திட்டன: நம்முடைய தகுதியினால் அல்ல, கிருபையினால் மட்டுமே கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார் என்று. நூற்றாண்டுக் கணக்கில் முறைத்துக்கொண்டவர்களே ஒத்துக்கொண்ட விஷயத்தில், போன மாதம் ஒலிபெருக்கி வாங்கியவர் புதுக் கட்டண விகிதம் போடுகிறார்.

அந்த அம்மா டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்: "அப்படியென்றால் காணிக்கையே போட வேண்டாமா, சார்?"

நல்ல கேள்வி. போடலாம். நன்றிக்காகப் போடுவது வேறு, பயத்துக்காகப் போடுவது வேறு. "விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல" என்பதுதான் கொரிந்து சபைக்குப் பவுல் சொன்ன அளவு; வருத்தத்தோடும் வேண்டாம், வற்புறுத்தலாலும் வேண்டாம். வளையலை அடகு வைத்துப் போட்டால் வட்டி கட்டப்போவது நீங்கள்தான், ஊழியக்காரர் இல்லை என்றேன். தொகை பெரிதானால் ரசீது கேளுங்கள் என்றும் சொன்னேன். ரசீது கேட்பது அவிசுவாசம் ஆகாது. எருசலேம் ஏழைகளுக்கான பணத்தைப் பவுலே தனியாகத் தூக்கிக்கொண்டு போகாமல், யாரும் குறை சொல்லாதபடிக்கு, சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களையும் சேர்த்துக்கொண்டுதான் கையாண்டார். மகனையும் மருமகளையும் இருவருமாக மருத்துவரிடம் போகச் சொல்லுங்கள் என்றேன். ஜெபத்தையும் மருந்தையும் எதிரெதிரே நிறுத்துகிறவர் யாராயிருந்தாலும் அவரிடமிருந்து விலகியிருப்பது நல்லது.

மறுநாள் வந்தார். ஒரு வளையலை மட்டும் வைத்தார், மருத்துவப் பரிசோதனைக்கு என்று. மற்றது கையில் கிடந்தது. கூட்டத்துக்கு என்ன கொடுத்தார் என்று நான் கேட்கவில்லை.

இனி என் கட்டுப்பாட்டின் கதை. வேலைக்கு வந்த புதிதில் எனக்குச் சுவிசேஷ வைராக்கியம் அதிகம். செவ்வாய்ப்பேட்டையிலிருந்து வெள்ளிப் பட்டறைக்காரர் ஒருவர் மனைவியின் செயினைக் கொண்டுவந்தார். பட்டறையில் வேலை இல்லாத மாதம். தகடு ஊதி ஊதிக் கருத்த விரல்கள். அவருடைய அடகு அட்டைக்குள் இயேசுவைப் பற்றிய ஒரு துண்டுப் பிரசுரத்தை மடித்து வைத்துக் கொடுத்தேன். பெரிய ஆத்தும ஆதாயம் செய்த பெருமை. அவர் அதைப் பிரித்துப் பார்த்துவிட்டு, திரும்ப முகப்புக்கு வந்து, பேனாவை எடுத்துக்கொண்டு பணிவாகக் கேட்டார்: "சார், இதிலும் கையெழுத்துப் போட வேண்டுமா?"

அந்தக் கேள்வியிலிருந்து நான் இன்னும் மீளவில்லை. என் ஒரு வார்த்தையில் அவருடைய கடன் தொகை ஏறும், இறங்கும். அப்படிப்பட்டவன் கையிலிருந்து வருவதை அவரால் எப்படி வேண்டாம் என்று சொல்ல முடியும்? மறுக்க முடியாத இடத்தில் கொடுத்தால் அது ஈவே அல்ல. சாட்சி சொல்லச் சொன்ன அதே பேதுரு, கேட்கிறவர்களுக்குச் "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" சொல்லச் சொல்கிறார். கேட்கிறவர்களுக்கு! மருத்துவர், ஆசிரியர், வட்டிக்கு விடுகிறவர், வேலை கொடுக்கிறவர் எல்லாரும் இதை யோசிக்க வேண்டும். அந்தப் பட்டறைக்காரர் பிறகு பல வருடம் எனக்குப் பழக்கம். ஒருநாள் அவராகவே ஏதோ கேட்டார், சொன்னேன். அவர் தம் வழியில்தான் இருக்கிறார். பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்குக் கரும்பு வரும்.

அப்படியானால் பகிர்ந்துகொள்வது என்றால் என்ன? அதையும் ஒரு நகைக் கணக்குத்தான் காட்டியது. ஏற்காட்டு மலையில், மஞ்சக்குட்டைப் பக்கம், காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் ஒரு பெண் நாலரைப் பவுன் செயினை வைத்திருந்தார். வட்டி ஏறிக்கொண்டே போனது. வளைகுடாவில் இருந்த அவருடைய அண்ணன் ஒருநாள் முழுத் தொகையையும் கணக்குக்கு அனுப்பிவிட்டார். கணக்கு தீர்ந்தது. ஆனால் கட்டியவர் யாராயிருந்தாலும், நகையை வைத்தவரே வந்து கையெழுத்திட்டு வாங்க வேண்டும். அந்தக் கையெழுத்து பணம் ஆகாது. அதற்காக ஒரு பைசா கழிவும் இல்லை. அந்தக் கையெழுத்துதான் விசுவாசம் என்று எனக்குத் தோன்றியது. மேலாளர் கடிதம் போட்டார். அந்தப் பெண் வரவில்லை. மூன்று மாதம் செயின் பெட்டகத்தில் கிடந்தது.

நானே தொலைபேசியில் கூப்பிட்டேன். "எவ்வளவு கொண்டுவர வேண்டும், அண்ணா?" என்றார். ஏல நோட்டீஸ் என்று நினைத்துக் கடிதத்தைப் பிரிக்கவே இல்லையாம். ஒன்றும் வேண்டாம், பாக்கி இல்லை, ஆதார் அட்டையோடு வந்தால் போதும் என்றேன். மறுபடியும் கேட்டார், மறுபடியும் சொன்னேன்.

இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கி, காலை பஸ்ஸில் வந்து சேர்ந்தார். கையெழுத்துப் போட்டார். செயினை உறையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன், கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு முந்தானை முடிச்சை அவிழ்த்தார். உள்ளே மடித்து மடித்து ஆயிரத்து ஐந்நூறு ரூபாய்.

"எதற்கும் இருக்கட்டும் என்று கொண்டுவந்தேன்" என்றார்.

வேண்டாம் என்று நான் தலையசைத்தேன். சிறிது நேரம் என்னையே பார்த்துக்கொண்டு நின்றவர், மெதுவாக அதைத் திரும்ப முடிந்துகொண்டார்.