பெரியப்பா வீட்டு ரத்தம்

"தாமஸ் ஜெஃபர்சன் இறந்தது 1826இல். கல்லறையைத் தோண்டாமல் அவருடைய டி.என்.ஏ.வை எப்படி எடுத்தார்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். அமெரிக்காவின் மூன்றாவது அதிபரான ஜெஃபர்சன், தன் அடிமைப் பெண் ஒருவரின் பிள்ளைகளுக்குத் தகப்பனா என்று பார்த்த டி.என்.ஏ. சோதனையைப் பற்றிய கேள்வி இது. அவருடையதை எடுக்கவே இல்லை என்பதுதான் பதில்.

கதை சொத்தில் தொடங்குகிறது. வர்ஜீனியா பண்ணையார் ஜான் வேல்ஸ் 1773இல் இறந்ததும், மகள் மார்த்தா வழியாக மருமகன் ஜெஃபர்சனுக்குச் சுமார் 11,000 ஏக்கர் நிலமும் 135 அடிமைகளும் வந்து சேர்ந்தன, கூடவே பெருங்கடனும். அந்த 135 பேரில் சாலி ஹெமிங்ஸ் ஒரு கைக்குழந்தை. வேல்ஸுக்குப் பிறந்தவள் என்றே பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் சொல்கிறார்கள். தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை என்று வர்ஜீனியாவில் 1662இலேயே சட்டம் வந்துவிட்டது. ஆக, அக்காவுக்குத் தங்கை சொத்தாகப் போனாள்.

சாலியின் பிள்ளைகளுக்குத் தகப்பன் ஜெஃபர்சன்தான் என்று 1802இல் பத்திரிகையிலேயே வந்தது. ஜெஃபர்சனின் பேரப்பிள்ளைகள் மறுத்தார்கள். அவருடைய தங்கை மகன்களான கார் சகோதரர்கள்மேல் பழியைத் திருப்பினார்கள்.

1998இல் இதைச் சோதிக்கக் கையிலெடுத்தது ஒய் குரோமோசோமை. தகப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும் போவது, பள்ளியில் படித்ததுதான். மற்ற குரோமோசோம்கள் தலைமுறைதோறும் ஜோடியோடு துண்டு மாற்றிக்கொள்ளும். ஒய்யோ, நுனிகளை விட்டால், பாகம் பிரிக்காத சொத்துபோல அப்படியே இறங்கும். ஜெஃபர்சனுக்கு மார்த்தாவிடம் பிறந்த ஒரே மகன் மூன்று வாரம்கூடத் தங்கவில்லை. அதனால் பெரியப்பா ஃபீல்ட் ஜெஃபர்சனின் ஆண்வழியில் வந்த ஐந்து பேரிடம் ரத்தம் எடுத்தார்கள். பெரியப்பாவுக்கும் அப்பாவுக்கும் ஒரே ஒய்தானே!

எனக்குப் பிடித்த இடம் இனிமேல்தான். ஒய்யில் சில இடங்களில் நாலைந்து எழுத்துகள் (டி.என்.ஏ.வின் வேதி அலகுகளைத்தான் எழுத்து என்கிறேன்) கொண்ட ஒரே சொல் திரும்பத்திரும்ப வரும். ஒருவருக்கு 12 தடவை, இன்னொருவருக்கு 15. நோட்டில் 108 முறை ஸ்ரீராமஜெயம் எழுதிப் பாருங்கள். ஒருநாள் 107இல் நிற்கும், ஒருநாள் 109 ஆகிவிடும். செல்லும் நகலெடுக்கும்போது அப்படித்தான் வழுக்கும், ஆனால் எப்போதாவது. அதனால் இத்தகைய பல இடங்களின் எண்ணிக்கையைச் சேர்த்து வைத்தால், அது குடும்ப முத்திரை ஆகிவிடுகிறது. அந்த ஐந்து பேரில் நால்வருக்கு எல்லாம் அச்சாக ஒன்று. ஐந்தாமவருக்கு ஒரே இடத்தில் ஒன்று மட்டும் வித்தியாசம். இடையில் யாரோ ஒரு தாத்தாவிடம் நகல் வழுக்கியிருக்கிறது!

1808இல் பிறந்த சாலியின் கடைசி மகன் எஸ்டனின் ஆண்வழி வாரிசு ஒருவரிடம் அதே அபூர்வ முத்திரை இருந்தது. கார் குடும்பத்து ஒய் சுத்தமாக வேறு.

சரி, ஜெஃபர்சனின் தம்பி ராண்டால்ஃபுக்கும் அதே ஒய்தானே? ஆமாம், ரத்தம் மட்டும் அதைப் பிரித்துச் சொல்லாது. ஆனால் சாலியின் ஒவ்வொரு பிரசவத்துக்கும் ஒன்பது மாதம் முன்பு ஜெஃபர்சன் மான்டிசெல்லோ வீட்டில் இருந்ததை அவருடைய குறிப்பேடுகளே காட்டுகின்றன.

ஒய் நம் டி.என்.ஏ.வில் நூற்றுக்கு இரண்டு பங்குகூடத் தேறாது. இதை நம்பி 'பரம்பரை ரத்தம்' என்று மார்தட்டுபவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்புதான் வரும். மறுத்துப் பேசிய பேரப்பிள்ளைகள் மகள் வயிற்றுப் பிள்ளைகள். அவர்களிடம் தாத்தாவின் ஒய் துளிகூடக் கிடையாது.

ஜெஃபர்சன் தன் உயிலில் எஸ்டனுக்கு விடுதலை எழுதிவைத்தார். சாலியின் பெயர் அதில் இல்லை.