இந்தக் குதிரைவாலி அந்தக் குதிரைவாலி இல்லை

“முடி வளர ஒரு எண்ணெய் வாங்கினேன். புட்டியில் ஹார்ஸ்டெயில் சாறு சேர்த்தது என்று போட்டிருக்கிறது. வீட்டில் குதிரைவாலி அரிசி ஒரு கிலோ சும்மா கிடக்கிறது. அதையே ஊறவைத்து அரைத்துத் தலையில் பூசினால் என்ன?” என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். சிக்கனமான யோசனைதான். ஆனால் நடுவில் ஆள்மாறாட்டம் நடந்திருக்கிறது.

நம்முடைய குதிரைவாலி சிறுதானியம், புல் இனம். ஹார்ஸ்டெயில் என்பது ஈக்விசீட்டம். பள்ளியில் தாவரவியல் படித்தவர்களுக்கு ஞாபகம் வரலாம். பூ கிடையாது, விதை கிடையாது, வித்துத்தூள் உதிர்த்துப் பெருகும், பெரணிக்குச் சொந்தம். ஓடைக்கரை ஈரத்தில் மூங்கிலைச் சுண்டவைத்தது போலக் கணுக்கணுவாக நிற்கும். லத்தீனிலும் குதிரை, மயிர் என்ற இரண்டு சொற்களை ஒட்டித்தான் இந்தப் பெயரை வைத்தார்கள். சுமார் 30 கோடி ஆண்டுகளுக்கு முன் இதன் உறவினரான கலாமைட்டிஸ் பனைமரம் உயரத்துக்குக் காடாக நின்றது. நாம் எரிக்கும் நிலக்கரியில் அதுவும் இருக்கிறது. இன்று மிச்சம் ஒரே பேரினம், அதில் இருபதுக்கும் குறைவான இனங்கள்.

ஐரோப்பாவில் இது பழைய மருந்து. 19ஆம் நூற்றாண்டில் பவேரியாவில் வாழ்ந்த செபாஸ்டியன் நைப் என்ற பாதிரியார் இதன் கஷாயத்தைப் பிரபலமாக்கினார். ஜெர்மன்காரர்கள் இதற்கு வைத்த பெயர் ‘சின்கிராவுட்’, அதாவது ஈயச்செடி. வெள்ளீயப் பாத்திரங்களை இதை வைத்துத்தான் தேய்த்துப் பளபளப்பாக்கினார்கள். மருந்து, துலக்குநார் இரண்டு வேலைக்கும் ஒரே செடி! எனக்கு இதில் பிடித்தது இரண்டாவது வேலைதான். தண்டைத் தடவினால் உப்புத்தாள் மாதிரி சொரசொரக்கும். காரணம், அந்தச் செடி தன் தோலில் கண்ணாடி வளர்க்கிறது.

இதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்கலாம். கண்ணாடிக்கு மூலப்பொருள் சிலிக்கா. மணலில் இருக்கும் அது மிகக் கொஞ்சமாகத் தண்ணீரில் கரைந்து சிலிசிக் அமிலம் ஆகிறது. ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 120 மில்லிகிராம் சிலிக்காவைத்தான் தாங்கும். மண்ணீரில் இருப்பது அதிலும் குறைவு. இதை வேருக்குள் இழுக்கத் தனி வாசல் வேண்டும். செல் சவ்வில் தண்ணீர் போவதற்கென்று அக்வாபோரின் என்ற புரதக் குழாய்கள் உண்டு. அவற்றில் ஒரு கிளை, சிலிசிக் அமிலத்தை உள்ளே விடுகிற அளவுக்கு மாறியிருக்கிறது. நெல்லில் இந்த வாசலை ஜப்பானியர்கள் 2006இல் கண்டுபிடித்தார்கள். ஈக்விசீட்டத்தில் கனடாவின் லவால் பல்கலைக்கழகக் குழு 2012இல் கண்டுபிடித்தது. செடியின் மரபணுவைத் தவளை முட்டைக்குள் செலுத்தி, முட்டை சிலிசிக் அமிலத்தை உறிஞ்சுகிறதா என்று பார்த்தார்கள். உறிஞ்சியது.

சரி, உள்ளே வந்தாயிற்று. தண்டு வழியாக நீர் ஆவியாகப் போகப் போக, சிலிசிக் அமிலம் உள்ளேயே தங்கிக் கெட்டியாகிறது. உப்பளத்தில் உப்பு படிவது மாதிரி என்று சொல்லிவிடலாம். நெடுநாள் நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் உப்பளத்தில் உப்பு கண்ட இடத்தில் படியும். இங்கே இலைத்துளையின் உதடு, செல் சுவர் என்று இடம் பார்த்துப் படிகிறது. இங்கிலாந்தில் கீல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த லா, எக்ஸ்லி இருவரும் செடியை அமிலத்தில் கரைத்துவிட்டு, மிஞ்சிய சிலிக்கா எலும்புக்கூட்டை ஒளிரும் சாயத்தில் நனைத்துப் பார்த்தார்கள். அது படிந்திருந்த இடமெல்லாம் காலோஸ் என்ற சர்க்கரைச் சங்கிலி இருக்கும் இடங்கள். 2011இல் இதை வெளியிட்டார்கள். சோதனைக் குழாயிலும், தானாகப் படிய முடியாத அளவு நீர்த்த கரைசலில் காலோஸைப் போட்டதும் சிலிக்கா திரண்டது. தொழிற்சாலையில் கண்ணாடி காய்ச்ச 1,500 டிகிரி சூடு வேண்டும். இந்தச் செடிக்கு ஓடைக்கரைக் குளிரே போதும்.

மருந்துக்கு வருவோம். “சிலிக்கா நிறைந்தது, அதனால் எலும்புக்கும் முடிக்கும் நல்லது” என்று விற்பவர்கள், காலோஸ் செய்த வேலையை மறந்துவிடுகிறார்கள். நம் குடல் உறிஞ்சுவது தனித்தனியாகக் கரைந்திருக்கும் சிலிசிக் அமிலத்தை. கண்ணாடியாகத் திரண்டது கஷாயச் சக்கையோடு வடிகட்டியில் நின்றுவிடும். தூளாக விழுங்கினாலும் பெரும்பகுதி அப்படியே வெளியே போய்விடும்.

சிறுநீர் பெருக்கும் குணத்துக்கு மட்டும் ஓரளவு ஆதாரம் உண்டு. பிரேசிலில் ஆரோக்கியமான 36 ஆண்களிடம் நடந்து 2014இல் வெளியான சோதனையில், நாளுக்கு 900 மில்லிகிராம் சாறு, சிறுநீர் பெருக்க வழக்கமாகக் கொடுக்கும் ஹைட்ரோகுளோரோதயசைடு மாத்திரைக்கு ஈடாக வேலை செய்தது. ஆனால் 36 பேர், தலைக்கு நான்கே நாள் மருந்து! களைச்செடிக்குக் காப்புரிமை வாங்க முடியாது, அதனால் பெரிய சோதனைக்குக் கம்பெனிகள் பணம் போடுவதில்லை. இங்கெல்லாம் அரசுப் பணம் வரவேண்டும் என்பது என் கட்சி. ஐரோப்பிய மருந்து முகமையும் சிறுநீர்ப்பாதைச் சில்லறைத் தொந்தரவு, மேலோட்டமான காயம் இரண்டுக்குத்தான், அதுவும் ‘பரம்பரைப் பயன்பாடு’ என்ற கணக்கில் ஒப்புக்கொண்டிருக்கிறது. முடி அந்தப் பட்டியலில் இல்லை.

‘மூலிகைதானே, என்ன செய்துவிடும்’ என்பவர்களுக்கு ஒன்று. இதில் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது வைட்டமின் பி1ஐச் சிதைக்கும். வைக்கோலோடு இதைத் தொடர்ந்து தின்ற குதிரைகள் தள்ளாடி விழுந்திருக்கின்றன. பெயரில்தான் குதிரை, குதிரைக்கே ஆகாது! நன்றாகக் கொதித்தால் நொதி செத்துவிடும், பச்சைத் தூளில் அந்த உத்தரவாதம் இல்லை. சதுப்பு நிலத்தில் வளரும் இன்னொரு இனம் பார்க்க இதே மாதிரி இருக்கும். அதில் கால்நடைக்கு நஞ்சாகும் ஆல்கலாய்டு உண்டு.

வாசகிக்கு: குதிரைவாலி அரிசியைப் பொங்கிச் சாப்பிடுங்கள், தலையில் வேண்டாம். ஆனால் இரண்டு குதிரைவாலிக்கும் ஒரு ஒற்றுமை உண்டு. புல் இனங்களும் தனி வழியில் இதே கண்ணாடி வித்தையைக் கற்றவை. நெல் உமியைச் சுட்டால் மிஞ்சும் சாம்பல் பெரும்பாலும் சிலிக்காதான். ஜெர்மன்காரர் ஈயச்செடியால் பாத்திரம் தேய்த்தார், என் பாட்டி உமிக்கரியால் பல் தேய்த்தாள்.