சக்கரம் உள்ளே போகாவிட்டால் விமானி முதலில் என்ன செய்ய வேண்டும்?

விமானம் தரையை விட்டு எழும்பியதும் காக்பிட்டில் இரண்டு வாசகங்கள்தான் கேட்கும். உயரம் ஏறுவதைக் கருவியில் உறுதி செய்துகொண்டு ஒருவர் "பாசிட்டிவ் ரேட்" என்பார். ஓட்டுபவர் "கியர் அப்", அதாவது சக்கரத்தை உள்ளிழு, என்பார். லீவர் மேலே போகும். சக்கரங்கள் இறங்கிப் பூட்டியிருப்பதைக் காட்டும் மூன்று பச்சை விளக்குகள் போய்ச் சிவப்பு வரும், சில விநாடிகளில் சிவப்பும் அணையும். எல்லாம் அணைந்துவிட்டால் சக்கரங்கள் உள்ளே போய்ப் பூட்டிக்கொண்டன என்று அர்த்தம்.

சிமுலேட்டரில் பயிற்சிக்கு வருபவர்களுக்கு நான் விரும்பிக் கொடுக்கும் கோளாறு, அந்தச் சிவப்பு விளக்குகளில் ஒன்று மட்டும் அணையாமல் நிற்பது. பார்க்கச் சின்ன விஷயம். ஆனால் பெரும்பாலோரின் கை உடனே லீவருக்குத்தான் போகும். கீழே தட்டிப் பார்ப்போமா, மறுபடி மேலே போடுவோமா என்று. அப்போது விமானம் ஆயிரம் அடியைக்கூடத் தொட்டிருக்காது, வேகமும் கூடிக்கொண்டே போகும். அந்த நேரத்தில் நான் கவனிப்பது விளக்கை அல்ல, விமானத்தை யார் ஓட்டுகிறார்கள் என்பதை.

சக்கரம் வெளியே தொங்கிக்கொண்டிருந்தாலும் விமானம் நன்றாகவே பறக்கும். கொஞ்சம் இரைச்சல், அதிர்வு, மந்தமான ஏற்றம், கூடுதல் எரிபொருள் செலவு, அவ்வளவுதான். மீறக் கூடாதது வேகம். போயிங் 737-இல் சக்கரத்தை உள்ளிழுக்க 235 நாட்டும், ஏர்பஸ் ஏ320-இல் 220 நாட்டும் உச்ச வரம்பு (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கி.மீ. வேகம்). அதைத் தாண்டாமல் பாதுகாப்பான உயரத்துக்கு ஏறி, ஒருவர் ஓட்ட, மற்றவர் செக்லிஸ்ட்டை எடுத்து வரி வரியாகப் படிக்க வேண்டும். லீவரை மறுபடி தொடலாமா கூடாதா என்பதை அந்த வரிகள் சொல்லும். வேலை இந்த வரிசையில் நடந்தால் பாதிப் பிரச்சினை முடிந்த மாதிரி.

காரணம் பல நேரம் சப்பென்று இருக்கும். தரையில் நிற்கும்போது சக்கரக் கால் மடங்காதிருக்கச் செருகும் பூட்டு ஊசிகளில், சிவப்பு ரிப்பனைக் கட்டி வைத்திருந்தும், ஒன்றை எடுக்க மறந்திருப்பார்கள். அல்லது ஒரு சென்சார் பொய் சொல்லும். விமானம் இன்னும் தரையில்தான் இருக்கிறது என்று சென்சார் நம்பிக்கொண்டிருந்தால் லீவரே மேலே நகராமல் பூட்டிக்கொள்ளும். சக்கரத்தை இயக்கும் ஹைட்ராலிக் திரவம் கசிவது மட்டும் வேறு ரகம். அதில் பிரேக், இறக்கை மடிப்புகள் எனப் பலவும் சேர்ந்து பாதிக்கப்படும்.

ஆனால் விமானப் பயிற்சியின் போக்கையே மாற்றிய இரண்டு விபத்துகளிலும் ஆளைக் கொன்றது சக்கரம் இல்லை.

1972 டிசம்பர் 29. ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸின் 401-ஆம் விமானம் மயாமியில் இறங்கப் போகிறது. மூக்குச் சக்கரத்துக்கான பச்சை விளக்கு எரியவில்லை. 2000 அடியில் தானியங்கி ஓட்டியிடம் விமானத்தை ஒப்படைத்துவிட்டு, காக்பிட்டில் இருந்தவர்கள் அந்தச் சின்ன பல்புக் கூட்டைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தார்கள். சக்கரத்தைக் கண்ணால் பார்க்க ஒருவர் கீழ் அறைக்கே இறங்கிப் போனார். இடையில் தானியங்கி ஓட்டியின் உயரப் பிடிப்பு விட்டுப்போனது. உயரம் குறைவதைச் சொல்லும் மணி ஒலித்தும் யார் காதிலும் ஏறவில்லை. எவர்கிளேட்ஸ் சதுப்பில் விழுந்து 101 பேர் இறந்தார்கள். மூக்குச் சக்கரம் சரியாக இறங்கிப் பூட்டியேதான் இருந்தது. பல்பு மட்டும்தான் எரிந்துபோயிருந்தது.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1978 டிசம்பர் 28 அன்று, போர்ட்லாந்து அருகே யுனைடெட் 173. சக்கரம் இறங்கும்போது தடாரென்று சத்தம், விளக்கிலும் சந்தேகம். கேப்டன் சுமார் ஒரு மணி நேரம் வட்டமடித்து, கேபினைத் தயார்படுத்துவதில் மூழ்கினார். எரிபொருள் குறைகிறது என்று உடனிருந்தவர்கள் சொன்னார்கள்தான், ஆனால் ஜாடையாக, மரியாதையாக. எஞ்சின்கள் ஒவ்வொன்றாக நின்றன. 10 பேர் இறந்தார்கள். காக்பிட்டில் இளையவர் மூத்தவரிடம் நேரடியாகப் பேசப் பழக்கும் சிஆர்எம் பயிற்சி உருவானதில் இந்த விபத்துக்குப் பெரிய பங்கு உண்டு. "இன்னும் எத்தனை நிமிடத்துக்கு எரிபொருள் இருக்கிறது?" என்ற கேள்வியைத் துணை விமானிகள் சத்தமாகக் கேட்க வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிப்பதும் இதனால்தான். சில கேப்டன்களுக்கு அது பிடிப்பதில்லை. பரவாயில்லை.

சரி, கோளாறு தெரிந்த பிறகும் விமானம் ஏன் மணிக்கணக்கில் சுற்றுகிறது? கீழே இருப்பவர்களுக்கு இதுதான் பதைபதைப்பு. விடை எடையில் இருக்கிறது. போயிங் 737-800 சுமார் 79 டன் வரை ஏற்றிக்கொண்டு கிளம்பலாம், ஆனால் வழக்கமாக இறங்க வேண்டிய உச்ச எடை சுமார் 66 டன். இந்த ரக விமானங்களிலும் ஏ320-இலும் எரிபொருளை வானில் கொட்டும் வசதி கிடையாது, எரித்துத்தான் தீர்க்க வேண்டும். தீ, புகை என்றால் கதை வேறு, எடை அதிகமாக இருந்தாலும் உடனே இறக்கிவிடுவோம். கிளம்பும் உச்ச எடையிலேயே விநாடிக்கு 6 அடி இறங்கு வேகத்தைத் தாங்கும்படிதான் விமானம் வடிவமைக்கப்படுகிறது. இறக்கிய பிறகு பொறியாளர்கள் முழுச் சோதனை போடுவார்கள்.

2005 செப்டம்பரில் ஜெட்புளூவின் ஏ320 ஒன்று மூக்குச் சக்கரம் 90 டிகிரி திரும்பிய நிலையில் சுமார் மூன்று மணி நேரம் சுற்றிவிட்டு லாஸ் ஏஞ்சலஸில் இறங்கியது. பயணிகள் தங்கள் விமானத்தைப் பற்றிய நேரலையை இருக்கைத் திரையிலேயே பார்த்துக்கொண்டிருந்தார்களாம்! டயர் கிழிந்து தீப்பொறி பறந்தது, ஒருவருக்கும் காயம் இல்லை.

ஹைட்ராலிக் போய்விட்டால் சக்கரம் இறங்கவே இறங்காது என்ற பயமும் வேண்டாம். பூட்டை விடுவித்தால் தன் எடையாலேயே விழும்படி மாற்று வழி இருக்கிறது. அதுவும் கைவிட்ட நிகழ்வு 2011 நவம்பர் 1-இல் நடந்தது. போலந்தின் லாட் நிறுவனத்தின் போயிங் 767, நெவார்க்கிலிருந்து கிளம்பியதுமே ஹைட்ராலிக் திரவத்தை இழந்தது. வார்சாவில் மாற்று வழியும் வேலை செய்யவில்லை. அதற்கு மின்சாரம் தரும் ஒரு சர்க்யூட் பிரேக்கர் ட்ரிப் ஆகி இணைப்பு துண்டாகியிருந்தது பிறகுதான் தெரிந்தது. வயிற்றாலேயே தரையில் இறக்கினார்கள். உள்ளே இருந்த 231 பேரும் உயிரோடு வெளியே வந்தார்கள்.

பயணியாக உங்கள் பங்கு கொஞ்சம்தான், ஆனால் முக்கியமானது. கேபின் குழு குனிந்து பிடிக்கும் நிலையைக் காட்டினால், அப்போதே ஒருமுறை செய்து பாருங்கள். வெளியேறச் சொன்னால் பையைத் தொடாதீர்கள். அவசர வழிகளில் பாதியை மட்டும் வைத்து 90 விநாடிகளில் எல்லோரும் வெளியேற முடியும் என்று நிரூபித்த பிறகே விமான ரகத்துக்கு அனுமதி கிடைக்கிறது. அந்தக் கணக்கில் கைப்பெட்டிக்கு இடமில்லை.

நல்லபடியாக இறங்கிய பிறகும் ஓடுபாதையிலேயே விமானம் நின்றுவிட்டால் புதிதாக ஏதோ ஆகிவிட்டது என்று எழுந்து நிற்காதீர்கள். மாற்று வழியில் இறக்கிய சக்கரத்தோடு சில ரகங்களில் மூக்குச் சக்கரத்தைத் திருப்ப முடியாது. பொறியாளர் வந்து, முன்பு சொன்ன அதே ஊசிகளைச் செருகிய பிறகுதான் இழுவை வண்டி கிட்டே வரும்.