நியூட்ரான் விண்மீனுக்குள் என்ன இருக்கிறது? கணக்குப் போட்டுப் பார்ப்போம்

பெரிய விண்மீன் ஒன்று வெடித்துச் சாகும்போது அதன் நடுப்பகுதி நசுங்கி மிஞ்சுவதுதான் நியூட்ரான் விண்மீன். கும்மிடிப்பூண்டியில் மின்சார ரயில் ஏறினால், சூளூர்பேட்டை வந்து சேர்வதற்குள் அதை இந்த முனையிலிருந்து அந்த முனை வரை தாண்டியிருப்போம். குறுக்களவு சுமார் 25 கிலோமீட்டர்தான். அதற்குள் ஒன்றரை, இரண்டு சூரியன்களின் நிறை அடங்கியிருக்கிறது.

எல்லை ஊர்க்காரர்களுக்கு ராக்கெட் பழகிப்போன சங்கதி. 2024 ஜனவரி 1 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து இஸ்ரோவின் எக்ஸ் கதிர் செயற்கைக்கோளான எக்ஸ்போசாட் கிளம்பியபோது, "நியூட்ரான் ஸ்டாருக்குள்ள என்ன இருக்குன்னு இது பார்த்துடுமா சார்?" என்று கேட்டான் பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பையன். பார்க்காது. அது அளப்பது எக்ஸ் கதிர்களின் தளவிளைவை, அதாவது அலைகள் எந்தத் திசையில் அதிர்கின்றன என்பதை. அந்தக் கதிர்கள் வருவதோ விண்மீனின் மேற்பரப்பிலிருந்தும் அதைச் சூழ்ந்த காந்தப்புலத்திலிருந்தும். உள்ளே இருப்பதைக் கணக்குப் போட்டுத்தான் பிடிக்க வேண்டும்.

அணுக்கருவின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்குச் சுமார் 27 கோடி டன். விண்மீனின் மையத்தில் அதைப்போலப் பல மடங்கு இருக்கும். அந்த நெருக்கடியில் நியூட்ரான்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி, எது எங்கே முடிகிறது என்பதே இல்லாமல் போகலாம். அப்போது அவற்றுக்குள் அடைபட்டிருந்த அப், டவுன் குவார்க்குகள் என்ற நுண்துகள்கள் பொதுவில் திரியும். ஸ்ட்ரேஞ்ச் என்ற இன்னொரு வகைக் குவார்க்கும் வந்து சேரலாம். குவார்க்குகள் நெருங்க நெருங்க அவற்றுக்கிடையிலான விசை தளரும் என்று 1973இல் கிராஸ், வில்செக், பொலிட்சர் ஆகியோர் காட்டியது இந்த எண்ணத்துக்குத் தெம்பு தந்தது.

சரி, கணக்கு எப்படிப் போடுவது? முதலில் வேண்டியது, இவ்வளவு அடர்த்தி என்றால் இவ்வளவு அழுத்தம் என்று சொல்லும் நிலைச் சமன்பாடு. மையத்தில் ஓர் அடர்த்தியை வைத்துக்கொண்டு, சில மீட்டர் சில மீட்டராக வெளியே நகர வேண்டும். ஒவ்வோர் எட்டிலும் நிறை கூடும். மேலிருந்து அழுத்தும் சுமை குறைவதால் அழுத்தம் இறங்கும். எவ்வளவு இறங்கும் என்பதைப் பொதுச் சார்பியலிலிருந்து பிறந்த டோல்மன்–ஓப்பன்ஹைமர்–வோல்காஃப் சமன்பாடு சொல்லும். அழுத்தம் பூஜ்யமாகும் இடம்தான் மேற்பரப்பு. ஒரு விண்மீன் முடிந்தது. மைய அடர்த்தியை மாற்றி மாற்றி இதையே செய்தால் நிறைக்கும் ஆரத்துக்கும் ஒரு வளைகோடு கிடைக்கும். அதன் உச்சிதான் அந்த நிலைச் சமன்பாடு தாங்கக்கூடிய அதிகபட்ச நிறை. அதற்கு மேல் போனால் கருந்துளை. இதற்கு ஒரு மடிக்கணினியும் கொஞ்சம் பைத்தானும் போதும்.

ஆனால் தப்பான நிலைச் சமன்பாட்டைக் கொடுத்தால் தப்பான விண்மீன்தான் வரும். 1939இல் ஓப்பன்ஹைமரும் வோல்காஃபும் நியூட்ரான்களுக்கிடையே விசையே இல்லை என்று வைத்துப் போட்ட கணக்கில் அதிகபட்ச நிறை 0.7 சூரியன் என்றுதான் வந்தது.

சரியான சமன்பாட்டைக் குவார்க் கோட்பாட்டிலிருந்தே நேராக எடுக்க முடியாதா? முடியவில்லை. இவ்வளவு அடர்த்தியில், கணக்கில் வரும் கூட்டல் உறுப்புகளும் கழித்தல் உறுப்புகளும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு போய்விடும். சூப்பர் கணினியும் கையை விரித்துவிடும். அணுக்கரு அடர்த்தியைப் போல ஒன்றிரண்டு மடங்கு வரை நம்பகமான கணக்கு உண்டு. அப்புறம் சுமார் 40 மடங்குக்கு மேல் உண்டு. விண்மீனின் மையமோ நட்டநடுவில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

அந்த இடைவெளிக்கு வந்த எளிய மாதிரி, 1974இன் எம்.ஐ.டி. பை மாதிரி. குவார்க்குகள் ஒரு பைக்குள் சுதந்திரமாகத் திரிகின்றன, வெற்றிடம் பையை வெளியிலிருந்து B என்ற அழுத்தத்தால் நெருக்குகிறது என்று வைத்துக்கொள்கிறார்கள். குவார்க்கின் நிறையைப் பொருட்படுத்தாவிட்டால், ஆற்றல் அடர்த்தியிலிருந்து 4Bயைக் கழித்து மூன்றால் வகுத்தால் அழுத்தம் வந்துவிடும். பிறகு வேதி ஆற்றலுக்கு (இன்னொரு துகளைச் சேர்க்க ஆகும் ஆற்றல்) எதிரே அழுத்தத்தைக் குறித்தால் நியூட்ரான் பொருளுக்கு ஒரு கோடு, குவார்க் பொருளுக்கு ஒரு கோடு. ஒரே வேதி ஆற்றலில் எதற்கு அழுத்தம் அதிகமோ அதுவே நிலைக்கும். இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்தில் குவார்க் கரு, அதாவது குவார்க் பொருளால் ஆன மையப்பகுதி, தொடங்குகிறது.

இந்த எளிமைக்கு 2010இல் அடி விழுந்தது. J1614−2230 என்ற துடிவிண்மீனின் (சுழன்றபடி துடிப்புத் துடிப்பாகக் கதிர் வீசும் நியூட்ரான் விண்மீன்) நிறை சுமார் 2 சூரியன் என்று அளந்தார்கள். மெத்தென்று அமுங்கும் குவார்க் பொருளால் அதைத் தாங்க முடியாது. ஆகவே குவார்க்குகளுக்கிடையே விலக்கு விசையைச் சேர்த்து மாதிரிகளை விறைப்பாக்கினார்கள். அளவு மீறி விறைப்பாக்கினால் விண்மீன் பெருத்துவிடும்; அதற்கும் வழியில்லை: இரண்டு நியூட்ரான் விண்மீன்கள் மோதி இணைந்ததில் பிறந்து, 2017 ஆகஸ்ட் 17 அன்று பதிவான ஈர்ப்பலை, விண்மீன்கள் அவ்வளவு ஊதிப் பெருத்தவை அல்ல என்று காட்டிவிட்டது.

2023இல் ஹெல்சிங்கியைச் சேர்ந்தவர்கள் உள்ளிட்ட குழு ஒன்று, மிகக் கனமான நியூட்ரான் விண்மீன்களில் குவார்க் கரு இருக்க 80 முதல் 90 சதவீதம் வாய்ப்பு என்றது. எனக்கு அந்த எண்ணைவிட அந்த மிச்சம் 10, 20 சதவீதம்தான் சுவாரசியம். நியூட்ரான் பொருள் குவார்க்காக மாறுவது படிப்படியாக இல்லாமல் பெருந்தாவலாக நடந்தால், குவார்க் கரு உருவாகும்போதே விண்மீன் சரிந்துவிடும்.

இன்னொரு தலைவலியும் உண்டு. குவார்க் கரு உள்ள விண்மீனும் இல்லாத விண்மீனும் ஒரே நிறை, ஒரே ஆரத்தோடு அச்சு அசலாக இருக்கலாம். ஆரத்தை மட்டும் துல்லியமாக அளந்து பயனில்லை. அதனால்தான் இப்போது மோதலுக்குப் பிந்தைய சில மில்லி விநாடிகளைக் கணக்கிடுகிறார்கள். இணைந்த உருண்டை நொடிக்குச் சில ஆயிரம் முறை அதிரும். உள்ளே குவார்க் பிறந்தால் அது இன்னும் சுருங்கி, அதிர்வெண் ஏறும். 2017இல் இருந்த கருவிகளுக்கு அந்த அதிர்வு எட்டவில்லை. அடுத்த தலைமுறை ஈர்ப்பலைக் கருவிகளுக்கு எட்ட வேண்டும்.