பத்துத் தொன் நெல்லில் 98 கிலோ எங்கே போகிறது?

காலபோக அறுவடை நடக்கிற மாதங்களில் கிளிநொச்சிப் பக்கத்து நெல் மில் வாசல்களில் ஈர நெல்லோடு லொறிகள் வரிசைகட்டி நிற்கும். இயந்திரத்தால் வெட்டி வயலிலிருந்து நேரே ஏற்றிய நெல் என்றால் ஈரப்பதன் 20 வீதத்தைத் தாண்டியும் வரும். களஞ்சியத்தில் பழுதாகாமல் கிடக்க அதை 14 வீதத்துக்குக் காயவிட வேண்டும். நெல் சந்தைப்படுத்தல் சபை வாங்கும்போது கேட்பதும் அந்த 14தான்.

சரி, மில்லுக்குக் களஞ்சிய மென்பொருள் வாங்க முன்னர் ஒரு சின்னக் கணக்கு. 10,000 கிலோ நெல், ஈரப்பதன் 20 வீதம். 14க்குக் காய்ந்தபின் நிறை எவ்வளவு? இருபதில் பதினாலு போனால் ஆறு, ஆகவே 600 கிலோ குறையும், மிச்சம் 9,400 என்று சட்டென்று சொல்லத் தோன்றும். அது பிழை. ஈர நெல்லில் தண்ணீர் போக உள்ள பங்கு 8,000 கிலோ. எவ்வளவு காய்ந்தாலும் அது மாறாது. காய்ந்த நெல்லில் அந்த 8,000 கிலோ 86 வீதமாக இருக்கும். 8,000ஐ 0.86ஆல் வகுத்தால் 9,302. அதாவது குறைவது 698 கிலோ. இரண்டு கணக்குக்கும் இடையில் 98 கிலோ.

களஞ்சிய மென்பொருளை அமைத்துக் கொடுப்பவர் முதல் கணக்கை உள்ளே எழுதிவிட்டால், இப்படியான ஒவ்வொரு பத்துத் தொன்னுக்கும் 98 கிலோ காணவில்லை என்று திரை காட்டும். கணினி பொய் சொல்லாது என்று முதலாளி நினைப்பார். பழி ஸ்டோர் கீப்பர் தலையில் விழும். உண்மையில் திருடியது வெயில்.

இந்த மென்பொருள்கள் உள்ளுக்குள் எப்படி வேலை செய்கின்றன? எந்தச் சாமான் எங்கே எவ்வளவு என்று ஒரு பட்டியலை வைத்துக்கொண்டு அதைத் திருத்தித் திருத்தி எழுதுகின்றன என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். ஒழுங்கான மென்பொருள் அப்படிச் செய்வதில்லை. வங்கிப் புத்தகத்தைப் போல வரவையும் செலவையும் மட்டுமே எழுதிக்கொண்டு போகிறது. எழுதியதை அழிக்க முடியாது. பிழை என்றால் அதற்கு எதிரான இன்னொரு பதிவைப் போடலாம். இருப்பு என்பது அந்தப் பதிவுகளைக் கூட்டிக் கழித்து வரும் விடை.

நமது லொறியையே எடுப்போம். 10,000 கிலோ உலர்த்தும் தளத்துக்குள் வந்தது என்று ஒரு பதிவு. தளத்திலிருந்து 9,302 கிலோ களஞ்சியத்துக்குப் போனது என்று இன்னொன்று. மிச்சம் 698 கிலோ 'உலர்த்தல் இழப்பு' என்ற இடத்துக்குப் போனது என்று மூன்றாவது. அப்படி ஓர் இடம் மில் வளவில் எங்கும் இல்லை, கணக்கில் மட்டும் உண்டு. ஒடூ போன்ற மென்பொருள்களில் இப்படியான மெய்நிகர் இடங்கள் இருக்கின்றன. இதனால் ஒரு கிலோவும் மாயமாக மறைய வழியில்லை. எங்காவது போய்த்தான் ஆக வேண்டும். அந்த இடத்தில் ஒரு மாதம் சேர்ந்த இழப்பு, ஈரப்பதனை வைத்துப் போட்ட கணக்கை மீறினால் அப்போது சந்தேகப்படுவதில் நியாயம் உண்டு.

அடுத்த தலையிடி அளவுகள். விவசாயி புசலில் பேசுவார். ஒரு புசல் நெல் 46 இறாத்தல், கிட்டத்தட்ட 20.9 கிலோ. களஞ்சியத்தில் மூடையாக எண்ணுவார்கள், மூடைக்கு மூடை நிறை வித்தியாசம். தராசுக்குத் தெரிந்தது கிலோ மட்டும்தான். ஆகவே ஒரே பதிவில் மூடை எண்ணிக்கையையும் உண்மையான நிறையையும் தனித்தனியே வைக்கத் தெரிந்த மென்பொருள்தான் வேண்டும். 'ஒரு மூடை இத்தனை கிலோ' என்று ஒரு மாறாத எண்ணைக் கேட்டு அடம்பிடிப்பது பிஸ்கட் பெட்டி அடுக்கும் கடைக்குச் சரி, நெல்லுக்குச் சரிவராது.

இனி இணைப்புகள். என்னைக் கேட்டால் காசும் நேரமும் கரைவது இங்கேதான். லொறித் தராசு, ஈரமானி, கணக்கு மென்பொருள், லொறிப் பயணப் பதிவு, ஊழியர் கையிலுள்ள போன் என்று ஐந்து இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் மற்ற எல்லாவற்றோடும் நேரே பொருத்தினால் பத்து இணைப்பு. நடுவில் ஒரு பொது மையம் வைத்து எல்லாவற்றையும் அதோடு மட்டும் பேசவிட்டால் ஐந்து போதும். ஒரு கருவியை மாற்றும்போது ஓர் இணைப்பை மட்டும் மாற்றினால் போதும்.

தராசு சும்மா ஒரு எண்ணை அனுப்பிவிட்டு நிற்பதில்லை. வினாடிக்குப் பல தடவை நிறையை அனுப்பிக்கொண்டே இருக்கும். கூடவே நிறை நிலைத்துவிட்டதா, இன்னும் ஆடுகிறதா என்ற அடையாளத்தையும் பல தராசுகள் அனுப்பும். லொறி பிரேக் போட்டு ஆடிக்கொண்டிருக்கும்போது வந்த எண்ணை மென்பொருள் பிடித்துக்கொண்டால் அந்தப் பற்றுச்சீட்டு முழுதும் பிழை. இந்த அடையாளத்தைப் பார்க்கிறீர்களா என்று விற்பனையாளரிடம் கேளுங்கள். யோசித்துப் பதில் சொல்பவரோடு மேற்கொண்டு பேசலாம்.

கரண்டும் சிக்னலும் போவது இன்னொரு வகைச் சிக்கல். போன் '10,000 கிலோ வந்தது' என்று அனுப்புகிறது. மையம் பதிந்துவிட்டது, ஆனால் 'கிடைத்தது' என்ற பதில் திரும்பி வர முன்னர் சிக்னல் அறுந்துவிட்டது. போன் என்ன செய்யும்? போகவில்லை என்று நினைத்து மறுபடி அனுப்பும். இப்போது கணக்கில் 20,000. இதற்கு வைத்தியம் இலகு. பதிவு உருவாகும் அந்தக் கணத்திலேயே போன் அதற்கு ஒரு தனி அடையாள எண்ணைக் கொடுத்துவிட வேண்டும். வழக்கமாக இது 128 பிட் நீளமான எண். மையத்தைக் கேட்காமலே போன் அதை உருவாக்கிக்கொள்ளலாம், இன்னொன்றோடு மோதும் வாய்ப்பு இல்லையென்றே சொல்லலாம். அதே எண் இரண்டாம் தடவை வந்தால் மையம் 'இது ஏற்கெனவே இருக்கிறது' என்று பேசாமல் விட்டுவிடும். பத்துத் தடவை அனுப்பினாலும் நெல் பத்துத் தொன்தான்.

ஆட்களின் பெயரிலும் இதே இரட்டிப்பு வரும். ஒரே விவசாயியின் பெயரை ஆங்கிலத்தில் மூன்று விதமாகத் தட்டச்சுச் செய்துவிடுவார்கள், ஆகவே அடையாள அட்டை இலக்கத்தைப் பிடிப்பதுதான் புத்தி. ஆனால் அதிலும் பழைய இலக்கம், புதிய இலக்கம் என்று இரண்டு உண்டு. பழையதில் ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும். அந்த எழுத்தை நீக்கி, முன்னால் 19ஐச் சேர்த்து, பழைய எண்ணின் ஐந்தாம் இலக்கத்துக்குப் பிறகு ஒரு பூச்சியத்தை நுழைத்தால் பன்னிரண்டு இலக்கப் புதிய எண் வந்துவிடும். மென்பொருளுக்கு இந்த மாற்றம் தெரியாவிட்டால், அட்டையைப் புதுப்பித்த விவசாயி அடுத்த போகத்தில் புது ஆளாக வந்து நிற்பார். அவருடைய பழைய கடனும் முற்பணமும் பழைய இலக்கத்தின் கணக்கிலேயே கிடக்கும்.

எதை வாங்குவது? எஸ்ஏபி என்ற மென்பொருள் நிறுவனம் 1972இல் ஜேர்மனியில் தொடங்கியது, அதன் மென்பொருள் பல நாடுகளில் கிளை விரித்த கம்பனிகளின் கணக்கைத் தாங்கக்கூடியது. பரந்தனில் ஒரு மில்லுக்கு அது தேவையில்லை. ஒடூவின் சமூகப் பதிப்பும் ஈஆர்பிநெக்ஸ்ட்டும் திறந்த மூல மென்பொருள்கள், அதாவது நிரலை யாரும் எடுத்துப் பார்க்கலாம், மாற்றலாம். உரிமக் கட்டணம் இல்லை. இலவசம் என்று மட்டும் நினைக்க வேண்டாம், மேலே சொன்ன இணைப்புகளைச் செய்பவருக்குக் கூலி உண்டு. செய்து காட்ட வருபவரின் அழகான திரைகளைப் பார்த்து மயங்காமல், 20 வீத ஈரத்தோடு ஒரு லொறியைப் பதியச் சொல்லுங்கள். பாதியில் இன்டர்நெட்டை நிறுத்துங்கள். பிறகு உங்கள் தரவு முழுவதையும் எக்ஸல் கோப்பாக எடுத்துத் தரச் சொல்லுங்கள். மூன்றாவதுக்கு இழுத்தடித்தால், வேறு மென்பொருளுக்கு மாறும் நாளில் உங்கள் தரவு உங்களோடு வராது.

மாறுகிற காலமும் முக்கியம். காலபோக நெல் குவிகிற நேரத்தில் புது மென்பொருளைத் தொடங்குவது வம்பை விலைக்கு வாங்குவது. சிறுபோகம் குளத்துத் தண்ணீரை நம்பியது. இரணைமடு, முத்தையன்கட்டு மாதிரிப் பெரிய குளங்களின் கீழ்தான் பெரும்பாலும் விதைப்பார்கள், மில்லுக்கு வரும் நெல்லும் குறைவு. அந்தப் போகம் முழுக்கக் கொப்பியும் கணினியும் சேர்ந்தே ஓடட்டும். கிழமைக்கு இரண்டு மூன்று அடுக்கு மூடைகளை மட்டும் எண்ணி, நிறுத்து, இரண்டோடும் ஒத்துப் பார்த்தால் போதும், முழுக் களஞ்சியத்தையும் ஒரே நாளில் எண்ணத் தேவையில்லை. ஒத்து வராத மூடை எந்த இணைப்பு வழியாக உள்ளே வந்தது என்று பதிவுகளைப் பின்னோக்கிப் பார்த்துப் பிடிக்க அப்போது ஆளும் நேரமும் இருக்கும்.