மட்டுறுத்தல்

பேஸ்புக்கிலோ யூடியூபிலோ ஒரு பதிவு காணாமல் போனால், 'தணிக்கை செய்துவிட்டார்கள்' என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். தளமே தன் விதிப்படி பதிவுகளைக் கட்டுப்படுத்தும் கன்டென்ட் மாடரேஷனுக்குத் தணிக்கை சரியான சொல் அல்ல. மட்டுறுத்தல் என்று சொல்ல வேண்டும், செய்பவர் மட்டுறுத்துநர்.

மாடரேஷனின் வேர் லத்தீன் 'மோடஸ்'. பொருள், அளவு. தமிழில் 'மட்டு' என்பதும் அளவுதான், எல்லைதான். காய்ச்சல் மட்டுப்பட்டது என்கிறோம். மட்டுமரியாதை இல்லாமல் பேசாதே என்கிறோம். அறிவுறுத்து, வலியுறுத்து போல மட்டுறுத்து. கலைச்சொல்லாக்கத்தில் வேர்ப்பொருள் இவ்வளவு கச்சிதமாகப் பொருந்துவது அபூர்வம்.

தணிக்கைக்கு ஆங்கிலத்தில் வழங்கும் சென்சார் என்பது வேறு குடும்பம். பண்டைய ரோமில் குடிக்கணக்கெடுத்து, குடிமக்களின் ஒழுக்கத்தையும் கண்காணித்த அரசு அதிகாரியின் பதவிப்பெயர் அது. ஆகவே, அரசு தன் சட்ட அதிகாரத்தால் பேச்சைத் தடுத்தால் தணிக்கை. தனியார் தளம் தன் விதிப்படி ஒரு பதிவை நீக்கினாலும், அதன் பரவலைக் குறைத்தாலும், வயது வரம்பு போட்டாலும் மட்டுறுத்தல். பேச்சுரிமையைக் காக்கும் அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம் (1791) கட்டிப்போடுவது அரசின் கையை. எந்தப் பதிவை எப்படிக் காட்டுவது என்று தளம் தேர்ந்தெடுப்பதும் ஒருவகைக் கருத்து வெளிப்பாடே என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2024-இல் 'மூடி எதிர் நெட்சாய்ஸ்' வழக்கில் சொன்னது.

இரண்டும் கலக்கும் இடமும் உண்டு. இந்தியத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவின்கீழ் அரசு உத்தரவிட்டு ஒரு பதிவு மறைக்கப்பட்டால், மறைப்பது நிறுவனம்தான், ஆனால் அது தணிக்கை. தளம் அனுப்பும் அறிவிப்பை நிதானமாகப் படியுங்கள். 'சட்டபூர்வக் கோரிக்கை' என்றிருந்து, வெளிநாட்டில் மட்டும் பதிவு தெரிந்தால் உயர் நீதிமன்றத்தைத்தான் நாட வேண்டியிருக்கும். 'சமூக விதிமுறை மீறல்' என்றிருந்தால் முதலில் செயலிக்குள்ளேயே மறுபரிசீலனை கேளுங்கள். அடுத்து நிறுவனத்தின் குறைதீர் அலுவலர். அவர் முடிவும் ஏற்புடையதாக இல்லையென்றால், 30 நாளுக்குள் மத்திய அரசு அமைத்த குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு இணையவழியே போகலாம். சொல்லைக் குழப்பிக்கொண்டால் தட்டும் கதவும் மாறிவிடும்.

தமிழ்ப் பதிவுகளில் மட்டுறுத்தல் தவறும் ஓர் இடம், எழுத்து. வெறும் எழுத்து வரிசையைத் தேடும் வடிகட்டியில் 'கொல்ல' என்று கொடுத்துப் பாருங்கள்: கொல்லன், கொல்லைப்புறம், கொல்லிமலை எல்லாம் சிக்கும். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் முறையான யூனிகோடில் 'லி' என்பது 'ல'வும் அதன்பின் ஒட்டிய குறியும். அதனால் 'கொல்லி'க்குள் 'கொல்ல' முழுசாக இருக்கிறது. 'கொ'வை இரண்டு விதமாகக் குறியேற்றலாம் என்பதால், இரண்டையும் ஒரே வடிவாக்கும் இயல்பாக்கம் செய்யாத வடிகட்டியிடமிருந்து உண்மையான கொலை மிரட்டல் நழுவிப்போகலாம். இப்படி அப்பாவிப் பதிவு மாட்டினால், எந்தச் சொல் சிக்கியிருக்கும், அதற்கு என்ன பொருள் என்பதை மறுபரிசீலனை மனுவின் முதல் வரியிலேயே எழுதுங்கள். படிப்பவருக்குத் தமிழ் தெரியும் என்று நம்பி விட்டுவிடாதீர்கள்.